வெளியே சாப்பிட்ட சமையல்காரர்

"உடனே கிளம்பி வா, தலை போகிற கேஸ்" என்று சித்தி போனில் சொன்னால் நான் நம்புவதில்லை. போன மாதமும் இப்படித்தான் இரண்டு பஸ் மாறி ஓடினேன். மாடிவீட்டுக்காரரின் குடையைக் காணோமாம். அது அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்த கையோடு சித்தி டீ போட்டாள், பழைய கேஸ் இரண்டைச் சொல்லி முடித்தாள், பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று சாப்பாடும் போட்டுத்தான் அனுப்பினாள்.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடிக்கும் வேலையில் இருந்து ரிட்டயரானவள். இப்போது வீட்டு முன்னறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்த வரன் எல்லாமே பொய் க்ளெய்ம்" என்பாள். நான் அவளுடைய உதவியாளர். எனக்கு அவள் வைத்த பெயர் வாலு. எனக்குச் சம்பளம் டீ.

ஆனால் இந்த முறை நிஜமாகவே ஒருவருடைய தலை போகும்போலத்தான் இருந்தது. முன்னறையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஒல்லி மனிதர், மடியில் ஒரு தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் என் வழக்கமான நாற்காலியில் விழுந்தேன். மேசை விசிறி நேராக என் முகத்தில் அடித்தது. சித்தி எதிரில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார் காணாமப் போச்சு? குடையா?" என்றேன்.

"வேலை," என்றார் அவர்.

அவர் ஒரு கணக்கெடுப்பாளர். அவருடைய துறை சில வீடுகளைப் பொறுக்கி எடுக்கும். அந்த வீடுகளுக்கு வாரா வாரம் போய், எதற்கெல்லாம் செலவு செய்தீர்கள் என்று கேட்டு எழுதுவது இவர் வேலை. அதை வைத்துத்தான் இந்த மண்டலத்து மக்கள் ஓட்டலில் சாப்பிடவும் லாட்ஜில் தங்கவும் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று துறை அறிவிக்கும். இந்த வருடம் அந்தச் செலவு கிடுகிடுவென்று ஏறிவிட்டது. மேலதிகாரி குளிர்ந்துபோனார். பேப்பரில் செய்தி வந்தது. அதைப் பார்த்து ஒரு பெரிய கம்பெனி இங்கே மாடி மாடியாக ஓட்டல் கட்ட இடம் பார்க்கிறதாம்.

"நல்லதுதானே?" என்றேன்.

"ஏறுனது பூரா ஒரே வீட்டாலன்னு இப்பக் கண்டுபிடிச்சுட்டாங்கம்மா. என் ஏரியா வீடு. ரிட்டயரான ஒருத்தர், ஒண்டியா இருக்கார். தினமும் வெளிய சாப்பிடறார். மாசத்துல ஒரு நாள் லாட்ஜ்ல ரூம் போடறார்."

"ஒருத்தர் சாப்பிட்டு எப்படி சார் மண்டலமே வீங்கும்?"

"எல்லா வீட்டுக்கும் போக முடியாதில்லையா? ஒரு வீட்டைப் பல ஆயிரம் வீட்டுக்குச் சமமா வச்சுக் கணக்குப் போடுவோம்."

"அதாவது அவர் ஒரு சூப் குடிச்சா, ஊரே சூப் குடிச்ச மாதிரி. பாவம், எத்தனை பேருக்குச் சேத்து அவர் வயிறு தாங்கும்?"

சித்தி முறைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அந்த லாட்ஜ் அவர் வீட்டுலேருந்து மூணு தெரு தள்ளி இருக்கு மேடம்," என்றார் கணக்கெடுப்பாளர். "சொந்த வீட்டை வச்சுக்கிட்டு எவன் மூணு தெரு தள்ளி ரூம் போடுவான்? நீ டீக்கடைல உக்காந்து இட்டுக்கட்டி எழுதியிருக்கேன்னு மேலதிகாரி சொல்றார். போன வாரம் என்னை நிறுத்தி வச்சுட்டாங்க. நாளைக்கு மத்தியானம் விசாரணை. பொய்க் கணக்குன்னு முடிவாச்சுன்னா வேலை போயிடும், வேற எந்த ஆபீஸ்லயும் சேத்துக்க மாட்டாங்க. வீட்ல இன்னும் சொல்லல. காலைல பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறேன். சாயங்காலம் வரைக்கும் பார்க்ல உக்காந்திருக்கேன்."

அவர் பொண்டாட்டி தினமும் அந்தப் பையில் சாப்பாடு வைத்து அனுப்புகிறாளாம். பார்க்கில் தனியாக உட்கார்ந்து அது இறங்கவில்லையாம். அதைக் கேட்டபின் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"நீங்க எப்படிக் கேள்வி கேப்பீங்க?" என்றாள் சித்தி. "இதோ, இவளைக் கேளுங்க. நான் பாக்கறேன்."

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். முகமே மாறிவிட்டது.

"நேத்து மத்தியானம் என்னம்மா சாப்ட்டீங்க?"

"வீட்ல சமைச்சது."

"சரி. ராத்திரி?"

"அதுவும் வீட்லதான்."

"சரி. நன்றிம்மா."

"அவ்வளவுதானா? கல்யாணத்துக்கு வந்தவங்ககூட இதைவிட அதிகமா விசாரிப்பாங்களே!"

"வீட்டுச் சாப்பாடு மளிகைச் செலவுலயே வந்துடும்மா."

"சரி, ஓட்டல்ல சாப்ட்டேன். இப்பக் கேளுங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். எந்த ஓட்டல், எப்படிப் போனீர்கள், யாரோடு, என்ன சாப்பிட்டீர்கள், அங்கேயே சாப்பிட்டது எது, கட்டிக்கொண்டு வந்தது எது, ஏன் அன்றைக்கு வெளியே சாப்பிட வேண்டி வந்தது என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, "வேற ஏதாவது?" என்பார். கேட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அவசரமே கிடையாது. கற்பனையாக ஆரம்பித்தவள், போன வாரம் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஓட்டலுக்குப் போய் அழுதபடி சாப்பிட்டதை எல்லாம் உளறிக் கொட்டிவிட்டேன். குனிந்து பார்த்தால் என் டீயில் ஏடு படிந்திருந்தது.

"எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்களா?" என்றாள் சித்தி.

"கையேட்டுல இப்படித்தான் மேடம் போட்டிருக்கு. மத்தவங்க 'வேற ஒண்ணும் இல்லையே'ன்னு தாங்களே முடிச்சுட்டு எழுந்துடுவாங்க. நான் காத்திருப்பேன். அவங்களுக்கு ஞாபகம் வரணுமில்ல?"

"டீ எடுத்துக்கங்க."

"இங்க எடுத்துக்கறேன் மேடம். கணக்கெடுக்கப் போற வீட்ல பச்சைத் தண்ணிகூடத் தொடக் கூடாது. அந்த வீட்ல கை நனைச்சா கணக்கு அவங்க பக்கம் சாஞ்சுடும்னு எங்க விதி."

சித்தி அவரைப் பார்த்தாள், பிறகு என் ஆறிப்போன டீயைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கணக்கில் எழுதியிருந்த ஓட்டலில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார் சர்வர். ஆளைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சமையல்கார ஐயாவா? ஆஸ்பத்திரி கிச்சன்ல தலைமைச் சமையல்காரரா இருந்தவர். தினமும் வருவாரே!"

நான் சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "கேஸ் முடிஞ்சுது சித்தி. செலவு நிஜம். நம்ம ஆள் சொக்கத்தங்கம்."

"கொஞ்சம் பொறு. நல்லா சாப்பிடுவாரா?" என்று சர்வரைக் கேட்டாள்.

"எங்கம்மா! ரெண்டு வாய். அப்புறம் தட்டைத் தள்ளி வச்சுடுவார். கேள்விதான் கேட்டுத் தீத்துடுவார். சூப்புல என்ன போட்டீங்க, இந்த நாற்காலி புதுசா, அந்த டேபிள்ல யாருக்குப் பொறந்தநாள்னு. கேட்டுட்டு வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்குவார். நாளைக்குப் பரீட்சை எழுதப் போறவர் மாதிரி."

"கூட யாராவது?"

"யாரும் இல்ல. கை கழுவற இடத்துப் பக்கத்துல ஒத்தை நாற்காலி இருக்கு பாருங்க, அதுலதான். ஆனா போன வாரத்துலேருந்து ஆளையே காணோம்."

லாட்ஜிலும் அதே கதை. வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். "வருவார். எத்தனை டவல் வைப்பீங்க, லிஃப்ட்ல பாட்டு போடறீங்களே ஏன்னு எல்லாம் விசாரிப்பார். காலைல ரூமைப் பாத்தா படுக்கை விரிப்பு கலைஞ்சே இருக்காது. ஜன்னல் பக்கத்துல நாற்காலி மட்டும் நகந்திருக்கும். ஆனா இந்த மாசம் வரல."

தெருவுக்கு வந்ததும் எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. "சித்தி! நம்ம ஆளை நிறுத்தி வச்சது போன வாரம். சமையல்காரர் ஓட்டலுக்குப் போறதை நிறுத்தினதும் போன வாரம். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க! ஓட்டல்காரங்க கமிஷன் குடுத்து, செலவை ஏத்திக் காட்டச் சொல்லியிருக்காங்க. அந்தப் பார்க் கதையை நம்பி நான் வேற கண்ணு கலங்கிட்டேன்."

"கமிஷன் வாங்கறவன் ரெண்டு வாய் சாப்பிட்டு எழுந்திருக்க மாட்டான் வாலு. ஓசிச் சாப்பாட்டைத் தட்டோட வழிப்பான். வா, அவர் வீட்டுக்குப் போவோம்."

மாடிப்படி ஏறி மணியில் கை வைத்தோம். முழுதாக அடிப்பதற்குள் கதவு திறந்தது.

"தம்பியா?" என்றபடி வந்தவர், எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனார். வெள்ளைச் சட்டை, வெட்டுக்காய வடுக்கள் நிறைந்த பெரிய கைகள். உள்ளேயிருந்து வெங்காயம் பொன்னிறமாக வதங்கும் வாசனை வந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இப்படிச் சமைக்கிற மனிதருக்கு ஓட்டல் எதற்கு?

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சித்தி ஒன்றில் உட்காரப் போனாள்.

"அதுல வேணாம்மா," என்றார் அவசரமாக. பிறகு வெட்கப்பட்டார். "அது தம்பி உக்கார்ற இடம். கணக்கெடுக்க வருவாரே, அவர்."

அந்த நாற்காலியில் மட்டும் மெத்தைத் துணி போட்டிருந்தது. அதற்கு முன்னால் மூடி போட்ட ஒரு டம்ளர் தண்ணீர். விசிறி அந்த நாற்காலியைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. யாருமே இல்லாத நாற்காலிக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது. அவருடைய நாற்காலியின் முதுகில் வியர்வைக் கறை.

"தண்ணி குடிப்பாரா அவர்?" என்றாள் சித்தி.

"குடிக்க மாட்டார். விதியாம். இருந்தாலும் வைக்காம இருக்க முடியுமா?"

"ஓட்டல் சாப்பாடு உங்களுக்குப் பிடிக்குமாய்யா?"

"அதைப் போய் சாப்பாடுன்னு சொல்றீங்களேம்மா. உப்பும் எண்ணெயும்."

"பின்ன ஏன் தினமும் போறீங்க?"

அவர் டம்ளரின் மூடியைச் சரிசெய்தார். நான் எதையாவது சொல்லி வைக்க வாயைத் திறந்தேன். சித்தி என் காலை மிதித்தாள். பிறகு மெதுவாக, கணக்கெடுப்பாளரின் அதே குரலில் கேட்டாள்.

"வேற ஏதாவது?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். விசிறி கடகடத்தது. அடுப்பில் எதுவோ கொதித்து அடங்கியது. அவர் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நானூறு பேருக்குச் சமைச்ச கைம்மா இது. வீட்டுக்காரி போனப்புறம் ஒருத்தருக்குச் சமைக்க அளவே வரல. சமைப்பேன், மிஞ்சும், கொட்டுவேன். ஒரு நாள் முழுக்க என் குரலை நானே கேக்காம இருந்திருக்கேன். அப்பத்தான் தம்பி வந்தார். என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டார். யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவோ நாளாச்சு." கைகளைத் தேய்த்துக்கொண்டார். "வீட்ல சாப்ட்டேன்னு சொன்னேன். 'சரி'ன்னு எழுதிட்டு எழுந்துட்டார். அடுத்த வாரமும் அதேதான். ஒரு நாள் அடுப்பு ரிப்பேர். ஓட்டல்ல சாப்ட்டேன்னேன். அன்னிக்கு விளக்கு போடற நேரம் வரைக்கும் உக்காந்து கேட்டார். லாட்ஜுன்னு சொன்னா அதுக்குத் தனியா இன்னும் நாலு பக்கம் கேள்வி இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"போகாமலே போனேன்னு சொல்லியிருக்கலாமேய்யா? செலவாவது மிஞ்சியிருக்கும்," என்றேன்.

"அது எப்படிம்மா? பொய்யை எழுத வச்சா அவர் வேலைக்கு நான் உலை வச்ச மாதிரி ஆகாதா? அதனால நிஜமாவே போனேன்."

சித்தி நடந்ததைச் சொன்னாள். அந்தத் தம்பி ஏன் போன வாரம் வரவில்லை, நாளைக்கு என்ன விசாரணை, எதனால் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டென்று எழுந்து ஆணியில் தொங்கிய பழைய ஆஸ்பத்திரி கோட் ஒன்றை எடுத்தார்.

"இப்பவே வரேன். எங்க வந்து சொல்லணும்?"

"நாளைக்குத்தான்யா. ஆனா ஒண்ணு. நீங்க ஏன் போனீங்கன்னு சொன்னா, கேக்கறவருக்காகச் செலவு பண்ண வீடுன்னு ஆயிடும். உங்க வீட்டைக் கணக்குலேருந்து எடுத்துடுவாங்க. தம்பி அப்புறம் இங்க வர மாட்டார்."

ஒரு கை கோட்டுக்குள்ளே, ஒரு கை வெளியே. அப்படியே நின்றார். அந்த மெத்தை போட்ட நாற்காலியைப் பார்த்தார்.

"அவர் வேலை நிக்குமில்ல?"

"நிக்கும்."

மற்ற கையையும் நுழைத்துக்கொண்டு பொத்தான்களைப் போட்டார். விசாரணைக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மேலதிகாரியின் அறையில் சர்வரும் லாட்ஜ் பெண்ணும் போனில் சாட்சி சொன்னார்கள். பிறகு சமையல்காரர் நின்றபடியே தன் கதையைச் சொன்னார். கணக்கெடுப்பாளர் ஓரத்தில் பையோடு நின்றிருந்தார். ஏன் வெளியே சாப்பிட்டீர்கள் என்று அந்த மனிதரை எத்தனையோ முறை கேட்டவர். உண்மையான பதிலை அன்றைக்குத்தான் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

மேலதிகாரி சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். அதில் ஒரு கோடு மலையேறிக்கொண்டிருந்தது.

"அப்ப மண்டலத்துல செலவு ஏறுனது பொய்யா மேடம்?"

"ஏறுனது நிஜம் சார். நீங்க ஆள் அனுப்பிக் கேட்டதால ஏறுச்சு," என்றாள் சித்தி.

"அந்த ஓட்டல் கம்பெனிக்கு நான் என்ன சொல்றது?"

"சின்னதாக் கட்டச் சொல்லுங்க சார்," என்றேன் நான். "ஒரு மேசை, ரெண்டு நாற்காலி போதும்."

இந்த முறை சித்தி முறைக்கவில்லை. மேலதிகாரி பெருமூச்சு விட்டார். கணக்கெடுப்பாளர் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார். சமையல்காரரின் வீட்டை இன்றோடு கணக்கிலிருந்து எடுத்துவிடும்படி உத்தரவு போட்டார். எல்லாம் ஒரே மூச்சில்.

வெளியே நடைவழியில் நால்வரும் நின்றோம். ஊரெல்லாம் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தை பேச வரவில்லை.

"சரி தம்பி. நல்லா இருங்க," என்று சமையல்காரர் படியை நோக்கி நடந்தார். இரண்டு படி இறங்கினார். பிறகு நின்று திரும்பினார்.

"வேற ஏதாவது?" என்றார்.

கேட்டுவிட்டு அங்கேயே காத்திருந்தார். கணக்கெடுப்பாளரிடம் கற்றுக்கொண்ட அதே காத்திருப்பு.

"ஒண்ணு இருக்குங்கய்யா," என்றார் கணக்கெடுப்பாளர். "இனிமே உங்க வீடு எங்க கணக்குல இல்ல."

"அதான் சொல்லிட்டாங்களே தம்பி."

"அப்ப நான் உங்க வீட்ல கை நனைக்கலாம்." பையின் வாரை இழுத்து இழுத்து விட்டார். "எனக்குப் பசிக்குதுங்கய்யா. ஒரு வாரமா எதுவும் இறங்கல."

பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தவர் நிறுத்தவே இல்லை. காரம் சேருமா, புளிப்பு பிடிக்குமா, வீட்டில் எத்தனை பேர், குழந்தை இருந்தால் தனியாக ஏதாவது கட்டிக் கொடுக்கட்டுமா, பல்லுக்கு மெத்தென்று இருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். கணக்கெடுப்பாளர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இறங்கினார். கடைசிப் படி வரைக்கும் அந்தக் குரல்கள் கேட்டன.

சித்தி வீட்டுக்கு வந்தோம். நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"வாலு, நாளைக்குக் கொஞ்சம் வர்றியா?" என்றாள் சித்தி, சாவியை மேசையில் வைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல். "ஒரு கேஸ் இருக்கு."

"என்ன கேஸ்?"

சித்தி யோசித்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எத்தனையோ பேருடைய பொய்யைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவள்.

"மாடிவீட்டுக்காரர் குடையை மறுபடியும் காணோமாம்."

நான் விசிறியைப் போட்டேன். அது நேராக என் நாற்காலியைப் பார்த்துச் சுழன்றது. எப்போதும் அப்படித்தான் சுழன்றிருக்கிறது. இத்தனை நாள் அந்தக் காற்றில் உட்கார்ந்துகொண்டு, சம்பளம் டீதான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். விசிறியைச் சித்தியின் பக்கம் பாதி திருப்பி வைத்தேன். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே சொல்லு சித்தி. முதல்லேருந்து, விவரமா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."